செடியா ஹராம்? விதைத்த கையா?

மரம் நடுவதும் பயிர் செய்வதும் நம் மார்க்கத்தில் வெறும் பிழைப்பு மட்டுமல்ல. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவனுக்கு தர்மமாகும் எனும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்மொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் வந்துள்ளது. விதைத்தவன் உறங்கும்போதும் அவனுடைய பயிர் அவனுக்கு நன்மை ஈட்டித் தருகிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டல்லவா? அவன் உறங்கும்போது அவனுடைய பயிர் எங்கோ ஒருவனின் அறிவைக் கெடுத்துக் கொண்டிருந்தால், அந்தக் கணக்கு யாருடைய ஏட்டில் எழுதப்படும்?

கஞ்சாப் பயிரைப் பற்றிப் பேச்செழும்போது நம் இளைஞர் சிலர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். "இது மனிதன் காய்ச்சி வடித்த சாராயம் அல்லவே! அல்லாஹ் படைத்த செடி. மழையிலும் வெயிலிலும் தானே வளர்வது. அதை வளர்ப்பதில் குற்றம் என்ன?" என்கின்றனர். இக்கேள்வியைக் கோபத்தால் அடக்கிவிடக் கூடாது. நிதானமாக ஆராய்வோம்.

செடியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், போதை தரும் இச்செடியை உண்பது ஹராம். ஆயினும் மதுவைப் போல் அது நஜீஸ் அல்ல என்றே விளக்கினார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் விலக்கப்பட்டது என்பதை நிலைநாட்டத் தனி நூலே எழுதினார்கள். பிரியாணியில் மணக்கும் ஜாதிக்காயைக்கூட நம் இமாம்கள் விட்டுவைக்கவில்லை. அதன் போதையைக் கண்டு இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் அதை விலக்கினார்கள்; போதை அளவை எட்டாத சிறிதளவு ஆகும் என்றவர்களும் உண்டு. ஆகவே வழக்கு செடியின் மீதல்ல; அது அறிவுக்குச் செய்யும் தீங்கின் மீதே.

அப்படியானால் வளர்ப்பவனின் நிலை என்ன? இதற்கு ஏட்டளவில் விடை தேடுவதை விட, முஸ்லிம்களே தலைமுறைகளாக இதைப் பயிரிட்டு வந்த ஓர் ஊரைப் பார்ப்பது நல்லது. மொராக்கோ நாட்டின் வடக்கே ரீஃப் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே கெத்தாமா வட்டாரத்தில் செங்குத்தான சரிவுகளில், வளமற்ற மண்ணில், மழையை நம்பி இச்செடியை விதைத்து, கோடை முடிவில் அறுவடை செய்வர். அவர்கள் அதைக் 'கிஃப்' என்பர். 2003ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் மொராக்கோ அரசும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 1,34,000 ஹெக்டேரில் இப்பயிர் நின்றது; ஏறத்தாழ 96,600 குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. அவர்கள் ஐவேளை தொழுபவர்கள், நோன்பு நோற்பவர்கள். ஏழை விவசாயிகள். கொழுத்த இலாபம் கடத்தல்காரர்களுக்கே போனது.

"நான் விதைத்தேன், புகைத்தவன் வேறு ஒருவன்" என்று அந்த விவசாயி சொல்லலாமா? மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக திர்மிதீயில் வரும் ஹதீஸைச் சிந்தியுங்கள். பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் விலையை உண்பவன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. திராட்சைக் கொடியை நட்டவன் அதில் இல்லை. ஏனெனில் திராட்சைக்குப் பல வழிகள் உண்டு. ஒருவன் பழமாக உண்பான், ஒருவன் காய வைப்பான். ஆனாலும், வாங்குபவன் மது காய்ச்சுவான் என்று உறுதியாக அறிந்த பின் அவனுக்குத் திராட்சை விற்பது ஹராம் என்றும், சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ் என்றும் நம் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. குற்றம் கொடியில் இல்லை. அது போகும் இடத்தை அறிந்திருப்பதில் இருக்கிறது.

ரீஃப் மலையில் நிலைமை இன்னும் நெருக்கமானது. காய்ந்த செடியை மெல்லிய துணி கட்டிய பாத்திரத்தின் மேல் வைத்துத் தட்டி, கீழே விழும் பொடியை அழுத்தி ஹஷீஷ் ஆக்கும் வேலை பல வீடுகளில் விவசாயியின் கையாலேயே நடந்தது. அங்கே நட்டவனும் பிழிந்தவனும் ஒருவனே. போகும் இடம் தெரியாது என்று அவன் எப்படிச் சொல்வான்?

"பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்காகச் செய்தேன்" என்பது அடுத்த வாதம். நிர்ப்பந்தம் ஹராமை ஆகுமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டினியால் உயிர் போகும் நிலையில் செத்த பிராணியை உண்பவன் வேறெவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கால் நீக்கலாகாது என்பதும் ஃபிக்ஹு விதியே. தன் பிள்ளையின் பசியைப் பிறர் பிள்ளையின் அறிவைக் கொண்டு தீர்க்க முடியாது. அதே சமயம், மலை உச்சியில் இருப்பவனுக்குச் சாலையும் சந்தையும் தராமல், அவனது அத்திப் பழத்துக்கும் ஆலிவுக்கும் நியாய விலை தராமல், தண்டனை மட்டும் தந்த சமுதாயமும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியதே.

2021இல் மொராக்கோ அரசு 13-21 எனும் சட்டத்தை இயற்றி, ரீஃப் பகுதியின் மூன்று மாகாணங்களில் மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும் உரிமத்துடன் இப்பயிரைச் செய்ய வழிவிட்டது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மன்னர், இப்பயிர் வழக்குகளில் தண்டனை பெற்றோர், விசாரிக்கப்பட்டோர், தேடப்பட்டோர் என 4,831 பேருக்கு மன்னிப்பளித்தார். கைதுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தவர்கள் வெளியே வந்தனர். இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தொன்று குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்க்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் நாம் அறிந்ததே. ஆக, அதே மலை, அதே மண், அதே விவசாயி. போகும் இடம் மாறியது. செயலின் தன்மையும் மாறியது. ஆனால் மன்னரின் மன்னிப்பு சிறையைத்தான் திறக்கும். பழைய கணக்குக்குத் தவ்பா செய்வது அவரவர் பொறுப்பு. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் கடத்தல்காரனுக்கு விற்பவனுக்கு அந்தக் காகிதம் ஆகிரத்தில் உதவாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "விற்கவில்லை, மாடியில் ஒரு தொட்டியில் எனக்காகத்தானே வளர்க்கிறேன்" என்று ஒருவன் சொன்னால்? நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி, அனுமதியின்றி இச்செடியைப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது இருக்கட்டும். காவலர் கண்ணில் படாவிட்டாலும், ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்தில் அறிவும் ஒன்றல்லவா? அறிவு நமக்குச் சொந்தமல்ல, அமானத். தொழுகையில் நாம் என்ன சொல்கிறோம் என்பதை அறியும் கருவியே அதுதான். ரீஃப் விவசாயிக்குப் பசி என்ற காரணமாவது இருந்தது, இவனுக்கு அதுவுமில்லை.

பெற்றோர்களே! பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால் அவனை ஏசாதீர்கள். "செடி சுத்தமானதுதான் மகனே! ஆனால் நாளை உன் பயிர் உனக்காகச் சாட்சி சொல்லுமா, உனக்கெதிராகச் சொல்லுமா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். நம் கைகள் விதைப்பவை அனைத்தையும் நமக்கு தர்மமாக ஆக்கி, ஹலாலான ரிஸ்கில் அல்லாஹு தஆலா பரக்கத் செய்வானாக! ஆமீன்.