மனம் ஒன்றாத செபம் பொய்யாகுமா?

பொம்மிடிப் பகுதியில் நம் இளைஞர் சிலர் நேர்மையோடு கேட்கும் வினா ஒன்று உண்டு: "மனம் ஒன்றாமல் செபமாலை சொல்வது வெளிவேடம் அல்லவா? உணர்வு எழும்போது மட்டும் செபித்தால் போதாதா?" இதைச் சோம்பலின் சாக்கு எனத் தள்ளிவிடலாகாது. உதட்டால் போற்றி உள்ளத்தால் விலகி நிற்போரை எசாயா கண்டித்தார். அவ்வாக்கை இயேசுவும் எடுத்தாண்டார்.

ஆயினும், வெளிவேடக்காரர் பிறர் காணவேண்டும் என்றே செபிக்கின்றனர் என்றார் ஆண்டவர். வயல் வேலை முடிந்து அயர்ந்து வந்து, உள்ளம் வறண்டிருந்தும் முழந்தாளிடும் தாயைப் பார்ப்பவர் யார்? அவளிடம் உருக்கம் இல்லாதிருக்கலாம். இறைவனை நாடும் விருப்பம் இருக்கிறது. அன்பின் இருப்பிடம் உணர்ச்சியன்று, மனத்தின் விருப்பமே என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. நல்நோக்கத்தோடு தொடங்கிய செபம், இடையில் மனம் தன்னையறியாமல் சிதறினாலும், தன் பயனை இழப்பதில்லை என்றும், வேண்டுமென்றே மனத்தை அலையவிடுதல் குற்றம் என்றும் அவர் தெளிவுபடுத்தினார். கெத்சமனியில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே சொற்களால் செபித்தார் அன்றோ!

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் 1687-இல் ஏழையின் கோலத்தில் அங்குச் சென்றபோது, ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாய்ப் பிச்சை கேட்டார். அம்மாலையை அடையாளம் கண்டுகொண்டோரைக் கொண்டே இறைமக்களை இனங்கண்டார். அத்தனை ஆண்டுகளும் அவ்வீடுகளில் மறைவாய்ச் சொல்லப்பட்ட செபங்கள் அனைத்தும் உருக்கமாகவா இருந்திருக்கும்? அச்சத்தோடும் அயர்வோடும் சொல்லப்பட்டவையும் பல இருந்திருக்கும். எனினும், அவையே விசுவாசத்தைக் காத்தன. உணர்வு வரட்டும் என அவர்கள் காத்திருந்தால், 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அம்முனிவர் அங்கே யாரைக் கண்டிருப்பார்?

வெற்றிலை பயிரிடும் நம் உழவர்க்கு இது புதிதன்று. கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்க்கிறோம். பின் கொடியை நட்டு, வளர வளர அதனோடு சேர்த்துக் கட்டுகிறோம். கட்டாத கொடி தரையில் படர்ந்து கெடும். நாள் தவறாத செபம் நமக்கு அகத்தி. ஆனால், அகத்தியை வளர்ப்பது வெற்றிலைக்காகவே. செபமாலையை முடித்தபின்னும் வரப்புத் தகராற்றால் உடன்பிறந்தானோடு பேச மறுப்போமாயின், கொடியில்லாக் கொடிக்காலுக்கே நீர் பாய்ச்சுகிறோம்.

ஆகவே, சிறிதாகத் தொடங்குவோம். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலைசெய்யும் பிள்ளையும், காலையில் கைபேசியை எடுக்குமுன் ஒரு பத்துமணிச் செபம் சொல்ல இயலும். மனம் ஒன்றினால் நன்றி கூறுவோம். ஒன்றாவிடில், ஒன்றாத அம்மனத்தையே இறைவன் திருமுன் வைப்போம். மறுநாளும் அவ்வாறே செய்வோம்.