மனம் ஒப்பாத நூலும் கை விடாத பக்கமும்

நூல் ஒன்றை நம் அறிவு ஏற்கவில்லை. ஆயினும் நம் கை அதன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறது. அவ்வேளையில் படிப்பவர் யார்? மறுக்கும் அறிவா, திருப்பும் கையா? கள்ளையும் சூதையும் குறித்து இவ்வினாவை அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. நூல் படிப்பதைக் குறித்து அது மிகுதியாகக் கேட்கப்படவில்லை. படிப்பு எத்தகையதாயினும் நன்றே என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிப்போனமை அதற்குக் காரணம் போலும். கேட்டவர்களுள் தலையாயவர் பிளேட்டோ. நாடகத்தில் ஒரு வீரன் மார்பில் அறைந்துகொண்டு அழும்போது நம்முள் சிறந்தவர்களும் இன்புற்று அவனோடு உருகுகிறோம். நம் வீட்டில் துயரம் நேர்ந்தாலோ அவ்வாறு அழுவதற்கு நாணுகிறோம். நாணத் தக்கது ஒன்றில் இன்புறுவது எவ்வாறு தகும் என்று ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் அவர் வினவுகிறார். விடையாக, இறைவனையும் நல்லோரையும் பாடுவோர் நீங்கலாகப் பிற கவிஞரைத் தம் நாட்டிலிருந்து விலக்கிவிட்டார். வினா விலகவில்லை.

அவ்வினா நான்கு தடித்த ஆங்கில நூல்களின் வடிவில் எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது. பெங்களூரின் வடகிழக்கில் உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். இங்கு வளரும் நம் பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ் செவிவழிச் செல்வமே, எழுத்துகளை அறியார். பத்தாம் வகுப்பில் பயிலும் என் பேத்தியும் அவ்வகையினளே. நான் படிக்கும் நூலை அவள் படிக்க இயலாது. அவள் படிக்கும் நூலை நான் படிக்கலாம். அந்த ஒரு வாயிலேனும் அடைபடாதிருக்கட்டும் என்றுதான், அவள் கண்ணீர் மல்கப் படித்துக்கொண்டிருந்த ‘ட்வைலைட்’ வரிசையின் முதல் நூலைக் கையில் எடுத்தேன். எடுத்தபோதே அதன்மேல் நன்மதிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதியது அது. 2003ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் கண்ட ஒரு கனவே கதையின் வித்து என்பது அவர் கூற்று. முதல் நூல் 2005இலும் நான்காம் நூல் 2008இலும் வெளிவந்தன. உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றிருக்கின்றன. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரில் தன் தந்தையிடம் வந்து சேர்கிறாள் பதினேழு வயதுப் பெல்லா. பள்ளியில் அவளருகே அமரும் எட்வர்டு, மக்கள் அஞ்சும் இரத்தக் காட்டேரி இனத்தவன். 1901இல் பிறந்து, 1918இல் பரவிய நச்சுக் காய்ச்சலால் சிகாகோவில் சாகும் தறுவாயில் அவ்வினத்தவனாக மாற்றப்பட்டவன். அன்று முதல் என்றும் பதினேழு. அவன் குடும்பத்தார் மனிதர் இரத்தத்தைத் தீண்டுவதில்லை; காட்டு விலங்குகளின் இரத்தத்தால் பசியாறுகிறார்கள். அதனால் தம்மைச் ‘சைவ உணவினர்’ என்று வேடிக்கையாக அழைத்துக்கொள்கிறார்கள்! புலால் மறுத்தலுக்கென்று தனி அதிகாரம் கண்ட மொழியில் பிறந்தவர்க்கு இங்கே புன்னகை வராமல் இராது. வெயில் பட்டால் அவர்கள் மேனி வைரம்போல் மின்னும் என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். தலைவனின் அழகைப் பக்கத்திற்குப் பக்கம் ஒரே அடைமொழிகளால் போற்றுவதைத்தான் பொறுப்பது கடினம்.

குறைகளைக் குறிக்கும் பொருட்டுப் பென்சிலுடன் தொடங்கினேன். முதல் நூலின் ஓரங்களில் குறிப்புகள் நிறைய உள்ளன, இரண்டாவதில் அருகின, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நூலில் ஓரிடம். எட்வர்டு அவளைப் பிரிந்து போய்விடுகிறான். அதன்பின் வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கிறது. வேறு சொல் இல்லை. பிரிவுத் துயரைப் பாலைத்திணைப் பாடல்களில் படித்துப் பழகிய எனக்கு அவ்வெற்றுப் பக்கங்களைக் கடக்கச் சற்று நேரமாயிற்று.

இக்கதை இவ்வளவு பேரைப் பிணித்தது ஏன்? நான் காணும் காரணம் ஒன்றே. வேட்கையைக் காட்டுவதன்று இதன் ஆற்றல். வேட்கையை அடக்குவதைக் காட்டுவதே. விரும்புகிறவளை அணுகினால் அவளைக் கொன்றுவிடக் கூடும் என்று அஞ்சி ஒவ்வொரு நொடியும் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவனை ஆசிரியர் நம்முன் நிறுத்துகிறார். அடக்கம் என்னும் பழைய அறத்தைக் காதற்கதையின் உயிர்நிலையில் வைத்துவிட்டார். அறம் பேசும் நூல்களில் கொட்டாவி விடும் இளையோர் அதை இங்கே மூச்சடக்கிப் படிக்கின்றனர். ஆகவே நம்மைப் பிடித்துவைப்பது முழுவதும் கீழானது என்றும் சொல்வதற்கில்லை.

விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். 1870இல் அக்கதையை ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்டு பர்ட்டன், வேதாளத்திற்கு ‘வாம்பயர்’ என்றே பெயரிட்டார். நம் வேதாளம் இரத்தம் உறிஞ்சுவதன்று. பிணத்தில் குடியிருந்து கதை சொல்வது. மன்னன் அதன் கதையைக் கேட்க மரமேறியவன் அல்லன். வேறொருவன் ஏவலால் பிணத்தைச் சுமக்கிறான். கேட்கக் கேட்க, விடை அவன் வாயில் வந்து நிற்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மீண்டும் மரம் ஏறும். விருப்பமின்றித் தொடங்கிய தொடர்கதையில் அகப்பட்ட வாசகன் நிலையை இதனினும் நன்றாக எவரும் சொன்னதில்லை.

தமிழ்நாட்டிற்கும் இது புதிதன்று. இலண்டனில் 1845 முதல் 1847 வரை ‘வார்னி’ என்னும் இரத்தக் காட்டேரியின் கதை, பென்னி விலையுள்ள சிறு சிறு பகுதிகளாக வந்தது. அதே காலத்தில் அதே முறையில் எழுதிக் குவித்தவர் ஜார்ஜ் ரெயினால்ட்ஸ். ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றியும் ஒரு கதை எழுதியவர். கற்றோர் முகஞ்சுளித்த அந்த ரெயினால்ட்சு இந்தியாவெங்கும் விரும்பிப் படிக்கப்பட்டார். அவருடைய புதினம் ஒன்றைத் தழுவி ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்று 1911இல் தமிழில் தந்தவர் யாரெனின், பின்னர்த் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள்! சைவப் பெரியார், துறவு பூண்டவர். அவருக்கும் அக்கதை கொள்ளத் தக்கதாகத் தோன்றியிருக்கிறது. 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, 115 புதினங்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளின் காலத்தில், நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று திண்ணைகளில் பேசினர். உள்ளே பெண்கள் படித்துக்கொண்டுதான் இருந்தனர்.

இத்தகைய நூலில் கட்டுண்டவர் பெரும்பாலும் இரு வழிகளில் தப்ப முயல்கின்றனர். நான் இன்புற்றதால் இது நல்ல இலக்கியமே என்று நூலை உயர்த்துவது ஒரு வழி. பொழுதுபோக்குக்காகப் புரட்டினேன், மனம் அதில் இல்லை என்று இன்பத்தை மறைப்பது மற்றொன்று. இரண்டும் பொய். முன்னது அறிவின் தீர்ப்பைத் திருத்துகிறது. பின்னது நடந்த நிகழ்ச்சியையே திருத்துகிறது. இரண்டாவது பொய்யே கற்றவர்களிடம் மிகுதி. அதில் சிறிது சாதிப் பெருமையும் கலந்திருக்கிறது. பள்ளிச் சிறுமியர் அழும் இடத்தில் நான் அழுதேன் என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்?

இவ்விடத்தில் பிளேட்டோவைவிடத் தொல்காப்பியர் எனக்குத் துணையாகிறார். அன்பின் ஐந்திணையை நடுவில் வைத்தவர், ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை முன்னும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையைப் பின்னும் வைத்தார். விலக்கவில்லை, போற்றவும் இல்லை. இளமை கடந்தவர்பால் செல்லும் காமமும், தெளிவிழந்து பெருகும் காமமும் அவர் கணக்கில் பெருந்திணை. நூறாண்டைத் தாண்டிய எட்வர்டையும், அவன் பிரிந்தபின் தன்னையே இழந்து கிடக்கும் பெல்லாவையும் வேறெங்கே வைப்பது? மடலேறுதலில் அவர்கள் காட்டிய நுட்பம் இன்னும் வியப்பானது. பனைமடலால் குதிரை செய்து தெருவில் ஏறிவந்து ஊரார் முன்னிலையில் பெண்ணைப் பெற முனைவேன் என்று தலைவன் சொல்லுமளவில் அது ஐந்திணையுள் அடங்கும், ஏறியேவிட்டால் பெருந்திணையாகிவிடும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே அவர்கள் ஒரு கோடு கிழித்தனர். படித்து மயங்குவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையே நாம் கிழிக்க வேண்டிய கோடும் அதற்கு அருகில்தான் உள்ளது.

கோடு கிழிக்காவிடில் வரும் கேடு சிறிதன்று. எட்வர்டு பெல்லாவின் அறைக்குள் இரவில் அவள் அறியாமல் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மூன்றாம் நூலில், நண்பனைக் காண அவள் போகாதபடி வண்டியின் உறுப்பு ஒன்றைக் கழற்றிவிடுகிறான். அவன் இரவில் வருவதை அறிந்தபோது பெல்லா உள்ளூர மகிழ்கிறாள்; அம்மகிழ்ச்சி அவன் செயலைப் பின்னோக்கித் தூய்மையாக்கிவிடுகிறது. கதையில் இசைவு பின்னால் வரலாம். வாழ்க்கையில் அது முன்னால் வரவேண்டும். பெண்ணைப் பின்தொடர்ந்து நச்சரிப்பதே காதல் என்று நம் திரைப்படங்கள் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தன. கல்லூரி மாணவி ஒருவரின் மரணத்தை அடுத்துத் தமிழ்நாடு 1998இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. விருப்பமில்லை என்று தெரிந்தபின்னும் பெண்ணைத் தொடர்வது 2013இல் நாடு முழுவதற்கும் குற்றமாக்கப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு.

இவையனைத்தையும் பேத்தியிடம் கூறினேன். “தாத்தா, அது கதைல இருக்கிறதாலதான் நல்லா இருக்கு. நம்ம தெருவுல ஒருத்தன் அப்படி வந்து நின்னா நேரா அப்பாகிட்ட சொல்லிடுவேன்” என்றாள். கோடு அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பெருந்திணை என்னும் சொல்லைத்தான் அவள் அறியாள். விளக்கியதும், நூலின் ஓரத்தில் அதைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டாள். கேட்பதற்கு எவருமின்றித் தனியே படிக்கும் பெண்கள் எல்லாருக்கும் அக்கோடு தெரியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நூலைத் தடுப்பதைவிட உடன் படிப்பதே பெரியோர்க்கு உரிய வேலை என்று நான் கருதுவது அதனால்தான். தடுத்தால் அது தலையணைக்கு அடியில் போகும், அங்கே பேச்சுக்கு இடமில்லை.

2020இல் அதே கதையை எட்வர்டின் கூற்றாக மாற்றி ‘மிட்நைட் சன்’ என்னும் நூலையும் அவ்வாசிரியர் வெளியிட்டார். அங்கே அவன் தன் செயல்களுக்குத் தானே காரணம் கூறுகிறான்; தன்னையே நொந்துகொள்கிறான். விளக்கம் கூடக்கூடப் பிடி தளர்ந்தது. பாதியில் மூடி வைப்பதற்கு எனக்கு எந்த முயற்சியும் வேண்டியிருக்கவில்லை. பேத்தி அதையும் முடித்துவிட்டாள்.