யோனாவின் பந்தல்

தவக்காலத்தின் முதல் வாரம், புதன்கிழமை. பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த நம் ஆலயங்களில் அன்று திருப்பலியின் முதல் வாசகம் இறைவாக்கினர் யோனா நூலின் மூன்றாம் அதிகாரம். நாற்பது நாளில் நினிவே நகர் அழியும் என யோனா அறிவிக்கிறார். அரசன் முதல் கடையன் வரை சாக்கு உடுத்தி நோன்பிருக்கின்றனர். ஆடுமாடுகளுக்குங்கூட அன்று தீனி இல்லை. கடவுள் மனமிரங்கித் தண்டனையை விலக்கிவிடுகிறார். வாசகம் அத்தோடு முடிகிறது. நாம் நன்றி கூறிப் பதிலுரைப் பாடலுக்குச் செல்கிறோம். நான்காம் அதிகாரம் அன்று வாசிக்கப்படுவதில்லை. நம்மைச் சுடுகின்ற அதிகாரமோ அதுதான்.

அதனைத் திறக்குமுன் ஒன்றை நினைவிற்கொள்வோம். இந்த யோனா நமக்கு மட்டும் உரியவர் அல்லர். யூத மக்கள் தங்கள் பாவக் கழுவாய்ப் பெருநாளன்று பிற்பகல் வழிபாட்டில் யோனா நூலை முழுமையாக வாசிக்கின்றனர். இசுலாமியர் அவரை யூனுஸ் நபி என்று போற்றுகின்றனர். திருக்குர்ஆனின் பத்தாம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. மீன் வயிற்றின் இருளில் அவர் எழுப்பிய மன்றாட்டை, இன்றும் துன்பம் நெருக்கும் நேரங்களில் இசுலாமியக் குடும்பங்கள் ஓதுகின்றன. நம் தெருக்கோடிப் பள்ளிவாசலிலும் நம் பங்கு ஆலயத்திலும் ஒரே மனிதர் நினைவுகூரப்படுகிறார்.

யோனா ஒருவர் மட்டுமல்லர். ஆபிரகாம் அங்கே இபுராகீம், மோசே, மூசா, தாவீது, தாவூது, திருமுழுக்கு யோவான், எஹியா. நம் வீட்டுச் சூசையும் பக்கத்து வீட்டு யூசுப்பும் ஒரே பெயரைத் தாங்கியவர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 'நபி' என்னும் அரபுச் சொல்லும் எபிரேய மறைநூலின் 'நாவி' என்னும் சொல்லும் உடன்பிறந்தவை. தமிழிலோ நாம் இறைவாக்கினர் என்கிறோம். சீர்திருத்தச் சபைச் சகோதரர்கள் நெடுங்காலமாகத் தீர்க்கதரிசி என்கின்றனர். வருவதை முன்னறிபவர் என்பது பின்னதன் பொருள். அந்தப் பொருளை மட்டும் கொண்டு அளந்தால் யோனா தோற்றுப்போனவர். அவர் சொன்னது நடக்கவில்லை, நகரம் அழியவில்லை. இறைவனின் வாக்கை எடுத்துச் சென்றவர் என்று அளந்தாலோ, அவரைப்போல் வெற்றி கண்டவர் அரியர். ஒரு நகரமே மனம் மாறியது.

இங்கே நேர்மை கருதி ஓர் எச்சரிக்கையும் தேவை. "எல்லாருக்கும் ஒரே இறைவாக்கினர்கள்தாமே, பிறகென்ன வேறுபாடு?" என்று மேடைகளில் சொல்லிவிடுவது எளிது, அது உண்மையாகாது. இயேசு நமக்கு இறைவாக்கினர்களுள் ஒருவர் மட்டுமல்லர். அவர் இறைமகன், சிலுவையில் இறந்து உயிர்த்தவர். இசுலாமியர் ஈசா நபியைப் பெரிதும் மதிப்பினும் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. நபிகள் நாயகத்தை அவர்கள் நபிமார்களின் முத்திரை என நம்புகின்றனர். அந்த நம்பிக்கை நம்முடையதன்று. யூதர்களோ இவ்விரண்டு நம்பிக்கைகளையும் ஏற்காதவர்கள். யோனாவின் வரலாற்றிலும் வேறுபாடு உண்டு. குர்ஆனில் யூனுஸ் நபியின் கோபம் அவர் ஊரைவிட்டுப் புறப்படும்போது வருகிறது. நம் மறைநூலில் நகரம் பிழைத்த பிறகும் அவர் சினம் கொள்கிறார். வேறுபாடுகளை மூடி மறைத்துக் கட்டும் நட்பு முதல் வாக்குவாதத்திலேயே இடிந்துவிடும்.

அப்படியாயின், பொதுவான ஓர் இறைவாக்கினரைப் பெற்றிருப்பதால் நமக்குப் பயன் என்ன? இக்கேள்விக்கான விடையை நான்காம் அதிகாரத்தில் தேடுவோம்.

நினிவே அசீரியப் பேரரசின் மாநகர். கி.மு. 722 அளவில் வட இசுரயேலை அழித்து, மக்களை நாடு கடத்தியது அப்பேரரசே. அத்தகைய பகைவர் பிழைத்துக்கொண்டனர் என்பதே யோனாவின் மனக்கசப்பு. நீர் இரக்கமுள்ளவர் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே ஓடிப்போனேன் என்று அவர் கடவுளிடமே முறையிடுகிறார். பிறகு நகருக்குக் கிழக்கே ஒரு பந்தல் அமைத்து, அதன் நிழலில் அமர்ந்து, நகருக்கு என்ன நேரும் எனக் காத்திருக்கிறார். கடவுள் ஓர் ஆமணக்குச் செடியை வளர்த்து அவருக்கு நிழல் தருகிறார். மறுநாள் புழு ஒன்று அதனை அரித்துவிடச் செடி வாடுகிறது. செடிக்காக வருந்தும் யோனாவிடம் கடவுள், வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் அத்தனை கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் இரங்கக் கூடாதா எனக் கேட்கிறார். நூல் அக்கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன விடை சொன்னார் என்று எழுதப்படவில்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் வாசிக்கின்ற நாம்.

குர்ஆனிலும் அந்த மக்கள் ஓர் இலட்சமோ அதற்கும் மேலோ எனக் கூறப்படுகிறது. அவர்களும் நம்பிக்கை கொண்டு பிழைக்கின்றனர். இசுலாமிய மரபில் இதனோடு தொடர்புடைய செய்திகள் சில நம் சிந்தனைக்கு உரியவை. ஒருமுறை யூதர் ஒருவர் மோசேயின் பெருமையைச் சொல்லி ஆணையிட, முசுலிம் ஒருவர் அவரை அறைந்துவிட்டார். வழக்கு நபிகள் நாயகத்திடம் வந்தபோது, தம்மை மூசாவுக்கு மேலாக உயர்த்த வேண்டாம் என அவர் கடிந்துகொண்டாராம். யூனுசைவிடத் தாம் மேலானவர் என எவரும் சொல்லலாகாது என்றும் அவர் கூறியதாக நபிமொழித் தொகுப்புகள் பதிந்துள்ளன. தாயிப் நகரில் கல்லெறிந்து துரத்தப்பட்டு ஒரு தோட்டத்தில் அவர் ஒதுங்கியிருந்தபோது, திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுத்தவர் அத்தாசு என்னும் கிறிஸ்தவ அடிமை. தம் ஊர் நினிவே என்று அவர் சொன்னதும், அது யூனுசின் ஊரன்றோ, அவர் என் சகோதரர் என்றாராம் நபிகள் நாயகம். முன்பின் அறியாத இருவரை ஓர் இறைவாக்கினரின் பெயர் நெருங்கச் செய்தது.

அந்த நினிவேயின் இடிபாடுகள் இன்றைய ஈராக்கின் மோசுல் நகரில் உள்ளன. யோனாவின் கல்லறை எனப் பல நூற்றாண்டுகள் போற்றப்பட்டு வந்த அங்குள்ள பள்ளிவாசலை 2014 ஜூலையில் தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தனர். அதே மாதத்தில்தான் அந்நகரின் கிறிஸ்தவர்களும் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டனர். 2021 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிசு அந்நகரின் ஆலய இடிபாடுகளுக்கிடையே நின்று மன்றாடினார். இச்செய்திகளைப் படித்து நாம் வருந்தினோம், கண்டித்தோம். தொலைவில் நிகழும் கொடுமையைக் கண்டிப்பது எளிது.

நம் ஊருக்கு வருவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் சீர்திருத்தச் சபைகளின் அனைத்துலக மறைப்பணி மாநாடு கூடியது. பிற சமயங்களில் இறைவனின் குரல் ஒலிக்கிறதா என்னும் வினா அங்கே கடுமையாக விவாதிக்கப்பட்டது. மறைநூல் வெளிப்பாடு முற்றிலும் வேறானது என்றார் டச்சு அறிஞர் கிரேமர். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலியோர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தனர். நம் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட அறிக்கை, இசுலாமியரை மதிப்போடு நோக்கி, இயேசுவை இறைவாக்கினராகவும் மரியாவைக் கன்னியாகவும் அவர்கள் போற்றுவதைச் சுட்டி, பழைய பூசல்களை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அழைத்தது. அறிஞர் அவையிலும் சங்கத்திலும் எழுந்த வினா, புறநகரில் வாழும் நம்மிடம் வேறு உருவில் வந்து சேர்கிறது. நம் வாயிற்கதவில் தொங்கும் 'வீடு வாடகைக்கு' என்னும் பலகையாக அது வருகிறது.

நம்மில் பலர் பல்லாண்டு உழைப்பில் அரை மனை வாங்கி, கடன்பட்டுக் கீழ்த்தளம் கட்டி, பிறகு மாடி எழுப்பியவர்கள். மாடிப் பகுதியின் வாடகைதான் ஓய்வுக்காலத்து ஆமணக்குச் செடி. வீடு கேட்டு ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். நாம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் பெயர்?" இபுராகிம் என்றோ, தாவூது என்றோ, யூனுஸ் என்றோ விடை வருகிறது. உடனே நம் குரல் மாறுகிறது. "வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்கிறோம். பலகை மட்டும் இன்னும் இரண்டு மாதம் அங்கேயே தொங்குகிறது. நாம் ஆலயத்தில் வணங்கிக் கேட்கும் இறைவாக்கினரின் பெயரைச் சொன்னார் என்பதற்காகவே அவர் திருப்பி அனுப்பப்படுகிறார்.

நாம் சொல்லும் காரணங்களையும் எண்ணிப் பார்ப்போம். அக்கம்பக்கத்தார் விரும்பமாட்டார்கள் என்கிறோம். அவர்களுடைய உணவுப் பழக்கம் ஒத்துவராது என்கிறோம்; ஞாயிறுதோறும் நம் அடுக்களையில் வேகும் இறைச்சியை மறந்துவிடுகிறோம். 'சைவம் மட்டும்' என்ற அறிவிப்பைக் கண்டு, இதே புறநகரில் எத்தனையோ வாயில்களிலிருந்து நாமும் திரும்பி நடந்தவர்கள்தாமே? அன்று உள்ளுக்குள் எரிந்தது என்னவென்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டு உரிமையாளருக்குத் தயக்கங்கள் இருத்தல் இயல்பே. வாடகை வருமா, வீட்டைப் பேணுவாரா என விசாரிப்பது முறையே. ஆனால் அவை எல்லாரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள். பெயரைக் கேட்டவுடன் உரையாடலை முடித்துவிடுவது விசாரணையன்று, தீர்ப்பு.

கதவைத் திறக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மாடி இருந்தவர்கள் மாடி இல்லாதவர்களைப் படியேற்றினார்கள். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் கோயில்களும் சமயம் கேளாமல் இடம் கொடுத்தன. ஈரத்தோடு படியேறி வந்தவரிடம் அன்று நாம் பெயரைக் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்தது, சுவரில் நீர் நின்ற கோடும் வெள்ளையடிப்பில் மறைந்தது. பழைய கேள்வி மட்டும் மறுபடியும் வாயிலில் வந்து நின்றுகொண்டது.

பொதுவான இறைவாக்கினரால் நமக்குப் பயன் என்ன என்று கேட்டோம். மேடையில் பகிர்ந்துகொள்ளும் பெருமைக்காக அவர் நமக்குத் தரப்படவில்லை. யாருக்கு உரியவர் என்னும் வழக்குக்காகவும் அன்று. ஒரே கண்டிப்பின்கீழ் நாம் அனைவரும் சேர்ந்து நிற்பதற்காகவே தரப்பட்டுள்ளார். இயேசுவும் யோனாவை அப்படித்தான் எடுத்துரைத்தார். தீர்ப்பு நாளில் நினிவே மக்கள் எழுந்து இத்தலைமுறையைக் கண்டனம் செய்வர் என்றார். யோனாவினும் பெரியவரை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் நமக்கு இதனால் சலுகை ஏதும் இல்லை; பொறுப்பே மிகுதி. நம் நம்பிக்கையில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காமலே ஒருவருக்கு வீடு கொடுக்கலாம். வீடு மறுப்பதால் நம் நம்பிக்கை ஓர் எழுத்தளவும் உறுதிப்படுவதில்லை.

வரும் தவக்காலத்தில் அந்தப் புதன்கிழமை இரவு, செபமாலை முடிந்ததும், குடும்பமாக அமர்ந்து யோனா நூலின் நான்காம் அதிகாரத்தையும் வாசிப்போம். பதினொரு வசனங்கள்தாம். கடைசியில் வரும் கேள்விக்கு மறைநூலில் விடை இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அடுத்த முறை நம் வீட்டுத் தொலைபேசி ஒலித்து, வீடு காலியாக இருக்கிறதா என ஒருவர் கேட்டால், இருப்பதை இருக்கிறது என்று சொல்வோம். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.