பெயர் தைத்த துணி

மின்தொடரில் தாம்பரத்தை நெருங்குவோர் 'சானடோரியம்' என்னும் நிலையத்தை அறிவர். காசநோயாளர்க்காக டாக்டர் சவுரி முத்து 1928-இல் தோற்றுவித்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளர்க்கும் அம்மருத்துவமனை புகலிடமாயிற்று. இரு நோய்களிலும் உடலை அரித்தது கிருமி. பெயரை அரித்தது ஊராரின் அச்சம்.

அமெரிக்காவில் எய்ட்ஸால் மாண்டோரின் பெயர்களை அவர்தம் அன்பர்கள் துணியில் தைத்தனர். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி. ஏறத்தாழ ஒரு கபுறின் அளவு. 1987 அக்டோபர் 11-இல் 1,920 துண்டுகள் வாஷிங்டனில் விரிக்கப்பட்டன.

பிறர் துயரைக் கலையாக்குதல் தகுமா? நம் கபன் துணியில் பூவேலை இல்லை, பெயரும் இல்லை. செல்வரும் வறியரும் அதனுள் ஒன்றாகின்றனர். அவ்வாறிருக்க, இறந்தவர் பெயரை வண்ண நூலால் தைப்பது வீண் ஆடம்பரமன்றோ?

அன்று என்பேன். இறைவன் முன் யாவரும் சமம் என்கிறது கபன். அச்சமத்துவத்தை மனிதர் மறுத்தனர் என்கிறது அத்துணி. இரண்டும் ஒரே நீதியைத்தான் பேசுகின்றன.

ஆயினும், பிறர் மானத்தை மூடிக் காப்பதும் நம் கடமையே. நோய் குற்றமன்று, ஊர் அதனைக் குற்றமாகக் கருதும்வரை, பெயரை வெளியிடும் உரிமை ஊசி பிடித்தவர்க்கில்லை, இறந்தவரின் விருப்பத்துக்கும் அவர் குடும்பத்தார்க்குமே உண்டு. அமெரிக்கத் துணியிலும் சில துண்டுகளில் முழுப்பெயர் இல்லை.

கலைஞர் முதலில் நோயாளியின் கட்டிலருகே அமரட்டும். உயிரோடிருக்கையில் பெயர் சொல்லி நலம் விசாரிக்காதவர், இறந்தபின் அப்பெயரைத் தைப்பதால் யாருக்கு என்ன பயன்?