ஈட்டியும் தூண்டிலும்

மாலை வேளையில் ஹெப்பாள் ஏரிப் பக்கம் நடந்து வருவது என் வழக்கம். அண்மையில் ஒரு நாள் உடன் வந்த என் மகன், முதல் நாள் தொலைக்காட்சியில் கண்ட காட்சி ஒன்றை விவரித்தான். அமெரிக்காவின் தென்கடற்கரையில், இரவில், முழங்கால் அளவு நீரில் விளக்கேந்தி நடந்து மீனை ஈட்டியால் குத்துகிறார்களாம். “அப்பா, அசையாமல் கிடக்கும் மீனைக் குத்துவது ஒரு விளையாட்டா? தூண்டில் போடுவதுதானே நேர்மை?” என்று கேட்டான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. காரணம், சிறுவனாக இருந்தபோது அத்தகைய விளக்கை ஏந்தி நின்றவன் நான்.

அவன் கண்ட மீன், நம் கடற்கரையில் நாக்கு மீன் எனப்படுவதற்கு உறவான தட்டை மீன். இரு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்த விந்தைப் பிறவி அது. மணலின் நிறத்தையே தன் நிறமாக்கிக்கொண்டு, உடலை மணலில் புதைத்து, இரைக்காகக் காத்துக் கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. அலையற்ற நீர், விளக்கின் ஒளி, மணலில் மங்கலாகத் தெரியும் ஒரு விளிம்பு, மூச்சை அடக்கிய ஒரு கணம்! அந்த ஈர்ப்பை நான் அறிவேன்.

கொள்ளிடக் கரையில் எங்கள் சிற்றூர். ஐப்பசி மழையில் வாய்க்காலும் குட்டையும் நிரம்பிய பின், என் தந்தையார் மூங்கில் கழியில் பொருத்திய மூன்று முனை ஈட்டியுடன் புறப்படுவார். அரிக்கேன் விளக்குடன் நான் பின்னால் செல்வேன். ஒரு நாள் இரவு, பாசி படர்ந்த குட்டை ஓரத்தில் பெரிய விரால் ஒன்று நின்றது. விளக்கைக் கண்டும் அது விலகவில்லை. ஓசையின்றி நடந்த எங்கள் திறமையே அதற்குக் காரணம் என்று எண்ணிப் பெருமிதம் கொண்டேன். தந்தையாரின் குறி தப்பவில்லை. மறுநாள் குழம்பும் சுவையாகவே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

காலையில் அதே குட்டைக்குச் சென்றபோது, நீரின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாகச் சுழன்றுகொண்டிருந்தன. அங்கு நின்ற முதியவர் ஒருவர், “குஞ்சு காத்த விராலைக் குத்திவிட்டீர்களே, தம்பி! அதனால்தான் அது ஓடவில்லை” என்றார். விரால், குஞ்சுகள் பெரிதாகும் வரை அருகிலிருந்து காக்கும் இயல்புடைய மீன். மூன்றாம் நாள் சென்று பார்த்தேன். குஞ்சுகள் ஒன்றும் இல்லை. நான் திறமை என்று கருதியது, ஓர் உயிர் தன் கடமையை விட்டு ஓட மறுத்த நிலையே அன்றோ? இதனை என் தந்தையாரிடம் நான் சொல்லவே இல்லை.

அப்படியானால் தூண்டிலே நேர்மையானதா? தூண்டிலின் புகழுக்கு நம் மைசூர் வட்டாரத்தை விடச் சான்று வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய எச். எஸ். தாமஸ், 1873-ல் தூண்டில் கலை பற்றிப் பெரிய நூலே எழுதி, நம் ஆறுகளின் மஹ்சீர் மீனைப் போராட்டத்தில் மேனாட்டுச் சால்மன் மீனுக்கும் மேலாக வைத்தார். விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீரைத் தூண்டிலில் பிடித்தார். அது ஏறத்தாழ 54 கிலோ.

மீனுக்கும் தப்பிச் செல்ல வாய்ப்புத் தருகிறோம் என்பது தூண்டில்காரரின் வாதம். நூல் அறலாம், முள் நழுவலாம், மீன் வெல்லலாம். இது மெய்யே. ஆயினும் இந்த ஆட்டத்திற்கு மீன் இசைந்ததா? உணவைக் காட்டி முள்ளை மறைப்பது வஞ்சகம் இல்லையா? சூதில் பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டது தற்செயலன்று. ஈட்டி ஒரு நொடியில் முடிப்பதைத் தூண்டில் நெடுநேரம் நீட்டிக்கிறது. அந்தத் துடிப்பே பிடிப்பவனுக்கு இன்பமாகிறது. பசிக்காகக் குத்தியவன் இதைக் கேட்டு நகைக்கவும் கூடும்.

எனினும் தூண்டிலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது தன் செயலைத் திருத்திக்கொள்ள இடம் தருகிறது. காவிரியில் கலிபோரே முகாமில், பிடித்த மஹ்சீரை எடையிட்டுக் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடும் முறை இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தபோதுதான், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம் பெருகியதும், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் மறைந்துவந்ததும் தெரியவந்தன. அது 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நடுவணரசு அலுவலகத்தில் நாள்தோறும் பதிவேடு எழுதும் எனக்கு, ஒரு பதிவேடு ஓர் உயிரினத்திற்காகச் சான்று கூறியது பெருமையாகவே இருக்கிறது. ஈட்டியால் குத்திய மீனை விடுவிக்க முடியாது. ஆகவே ஈட்டி ஏந்துபவன் குத்துவதற்கு முன்பே சிந்தித்தாக வேண்டும். ஈட்டிக்காரனுக்கு அதற்கான வசதியும் உண்டு. தூண்டிலில் எது சிக்கும் என்று அறிய இயலாது. ஈட்டிக்காரனோ தன் இலக்கைக் கண்ணால் காண்கிறான்.

நேர்மை, கருவியைப் பொறுத்ததன்று. எதை விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் போர் அறத்தைப் புறநானூறு போற்றுகிறது. அம்பு எய்யும் முன் அறிவிப்புச் செய்து, விலக வேண்டியவர்களுக்கு அவன் இடமளித்தான். விலக வேண்டியோருள், புதல்வரை இன்னும் பெறாதவரும் ஒரு பிரிவினர். ஒரு குடி தொடரும் வழியை அடைக்கலாகாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பகைவனுக்கே அந்தச் சலுகை என்றால், வாயில்லா உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

என் மகன் கண்ட கடற்கரையைச் சேர்ந்த டெக்சாஸ் மாநிலத்தில், 2021 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் நடுப்பகுதி வரை தட்டை மீனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை உண்டு. முட்டையிடுவதற்காக அவை ஆழ்கடல் நோக்கிச் செல்லும் காலம் அது. ஈட்டிக்கும் தூண்டிலுக்கும் தடை ஒன்றே. முதுகுடுமியின் அறிவிப்புக்கும் இச்சட்டத்திற்கும் இடையே கடலும் காலமும் கிடந்தாலும், இரண்டின் கருத்தும் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் அன்று மகனிடம் கூறினேன். தந்தையாரிடம் சொல்லாத விரால் கதையையும் கூறினேன். சற்று நேரம் பேசாமல் நடந்தவன், “தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் குத்தியிருப்பாரா?” என்று கேட்டான். குத்தியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு ஊரின் குட்டையையோ வாய்க்காலையோ தர இயலாது. அங்கே கற்றதையும் தவறியதையும் மறைக்காமல் சொல்லித் தர இயலும். அதையேனும் செய்வோமாக.