சொத்தை

ராயபுரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டை விழுந்தவற்றை விரல் தானாகவே ஒதுக்கியது. கூடைக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாத்துக்கு தம்பி ஓட்டய பாத்து ஒதுக்கறே? ஓட்ட கீற காய்ல பூச்சி பூட்ச்சி. ஓட்ட இல்லாததுலதான் குந்திகினு கீது."

பூச்சியியலும் இதையேதான் சொல்கிறது. காய்த்துளைப்பானின் புழு, முட்டையிலிருந்து வந்த உடனே மயிரிழைத் துவாரம் போட்டுக் காய்க்குள் நுழைகிறது. நுழைந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துவிடுகிறது. தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாக மண்ணுக்கு இறங்க வெளியேறும்போது போடுவதுதான் நம் கண்ணில் படுகிற ஓட்டை. வெயில் ஏறும் மாதங்களில் இந்தச் சுற்று இன்னும் வேகமாக நடக்கும். உள்ளே போய்விட்ட புழுவை மேலே தெளித்தது எட்டுவதில்லை. ஆகவே மறுபடியும் மறுபடியும் தெளிக்கிறார்கள்.

தெளிப்பதற்குத் தமிழில் பெயர் மருந்து. கடையில் கேட்பது மருந்து, தண்ணீரில் கலப்பது மருந்து. கடனில் மூழ்கியவன் ஒருநாள் அதையே குடித்தாலும் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்கிறோம். சாவுகூட அந்தச் சொல்லை மாற்றுவதில்லை. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மட்டும் விஷவாயு. அந்தத் தொழிற்சாலையின் சரக்கான செவின், கத்தரிப் புழுவுக்கும் அடிக்கப்பட்ட மருந்துதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எங்கள் பக்கத்தில் அதையும் விஷவாயு என்றுதான் சொன்னோம். ஆலைக்கு அருகில் இருப்பவனுக்குச் சரியான வார்த்தை உடனே வந்துவிடுகிறது.

முன்பு பொன்னேரிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பயிர்க்கடன் மேஜையில் இருந்தேன். கத்தரி போட்டிருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இது விக்கிறதுக்கு சார். வீட்டுக்குன்னு வரப்போரமா நாலு செடி இருக்கு. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல. சொத்தைய அரிஞ்சு போட்டுட்டு ஆக்குவோம்." அவரைக் கயவர் என்று அன்று மனசுக்குள் தீர்ப்பெழுதினேன். அவர் எனக்கு விற்றது நான் கேட்டதைத்தான் என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. சொத்தையை ஒதுக்குகிற விரல்தான் தெளிப்பானையும் இயக்குகிறது. அதற்காக அவரை முழுக்க விடுவித்துவிடவும் முடியவில்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைச் சௌகரியமாகப் பராமரித்து வருவது எந்தக் கணக்கில் சேரும்?

மரபணு மாற்றிய கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு அனுமதி தந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் மரபணுவைச் செடிக்குள் வைத்து, புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. விதை யாருக்குச் சொந்தம், தின்பவனுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் சர்ச்சை நடந்தது, நியாயமான கேள்விகள்தான். மாசு மருவற்ற காய் நமக்கு எதற்கு என்ற கேள்வியை மட்டும் நான் எங்கும் படித்த ஞாபகமில்லை. (நாம் கேட்டிருக்கலாம். ஆனால் கவிதைகளில் சொத்தை பார்ப்பதிலேயே மும்முரமாக இருப்பவர்கள் நாம்.)

கூடைக்காரம்மா அவ்வளவு சொன்ன பிறகும் நான் பொறுக்கி எடுத்தது வழவழவென்று இருந்தவற்றைத்தான். வீட்டில் அம்மா அரிவாள்மணையில் மூன்றாவது காயைப் பிளந்ததும் புழு நெளிந்தது.

"பாத்து வாங்கமாட்டியா?" என்றாள்.