சத்துருவிடமும் நாணயம்

 

பத்திரிகைகளில் யுத்தச் செய்தி வரும் நாட்களில் நம் கடைகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "சண்டை என்று வந்துவிட்டால் எதுவும் ஆகும், சத்துருவிடம் என்ன ஹலால், என்ன ஹராம்?" என்கிறார்கள். சொல்லுகிறவர்களில் ஐவேளைத் தொழுகையாளிகளும் உண்டு. ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நம்மோடு போரிடுவோரை எதிர்த்துப் போரிட உத்தரவு தரும் சூரத்துல் பகராவின் ஆயத்திலேயே, வரம்பு மீறலாகாது என்னும் தடையும் சேர்ந்து இருக்கிறது.

பெண்டு பிள்ளைகளைக் கொல்வதை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள். ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பிய அபூபக்கர் சித்தீக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், கிழவர்களைக் கொல்லவும், காய்க்கும் மரங்களை வெட்டவும், உண்பதற்கன்றி ஆடு ஒட்டகங்களை அறுக்கவும் கூடாதென்று தளபதிக்குக் கட்டளையிட்டார்கள். இவற்றை ஆலிம்கள் மிம்பரில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் வியாபாரிகள், ஆகவே வியாபாரத்தைத் தொட்ட சங்கதிகளைப் பார்ப்போம்.

யமாமா நாட்டுத் தலைவர் துமாமா இப்னு உதால், முஸ்லிம் படையினரிடம் சிக்கி மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார். பள்ளிவாசல் தூணில் கட்டப்பட்டிருந்த அவரிடம் நாயகம் அவர்கள் மூன்று நாளும் வந்து விசாரித்தார்கள். பிறகு ஒரு காசும் வாங்காமல் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அவர் அருகிலிருந்த பேரீச்சந்தோப்புக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து கலிமாச் சொன்னார். உம்ராவுக்காக மக்கா சென்றபோது குறைஷிகள் ஏளனம் செய்ய, நாயகத்தின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட இனி உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

மக்காவோ விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கு. வரத்து நின்றதும் ஊர் தவித்தது. இதே குறைஷிகள்தாம் முன்பு நாயகத்தின் குடும்பத்தாரை அபூதாலிபின் கணவாயில் ஒதுக்கிவைத்து, கொள்வினை கொடுப்பினை எதுவும் கூடாதென்று பட்டினி போட்டவர்கள். இப்போது சொந்த பந்தத்தைச் சொல்லி நாயகத்துக்கே கடிதம் எழுதினார்கள். தானியத்தை விட்டுவிடும்படி துமாமாவுக்கு உத்தரவு போயிற்று. பங்காளியோடு ஒரு வழக்கு வந்தாலே அவன் கடைக்குப் போகும் சரக்கை எப்படி மறிக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் நாம்!

இன்னொன்று. ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) மக்கா வெற்றிக்குப் பிறகு, பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் காலித் இப்னு வலீத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்த மக்கள் இஸ்லாத்தை ஏற்றோம் என்பதைச் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியாமல் வேறு வார்த்தை சொல்ல, அவர்களிற் பலர் கொல்லப்பட்டனர். செய்தி கேட்ட நாயகம் அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்த காரியத்தில் தமக்குப் பங்கில்லை என்று இருமுறை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். உயிருக்கு உயிர்ப்பணம், பொருளுக்கு விலை, நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூடக் கிரயம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. கணக்குத் தீர்ந்த பின் மீந்த பணத்தையும், தெரியாமல் விட்டுப்போன நஷ்டம் ஏதும் இருக்கலாம் என்று, அவர்களிடமே அலீ அவர்கள் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஜெயித்த படை தோற்ற ஜனங்களிடம் ஐந்தொகை போட்டு நேர்செய்த கணக்கு இது.

கடல் கடந்து பிழைக்க வந்த நமக்கென்றே பிக்ஹு கிதாபுகளில் ஒரு சட்டமும் உண்டு. சத்துரு நாட்டுக்குள் ஒரு முஸ்லிம் வியாபாரி 'அமான்' என்னும் அபயம் பெற்று நுழைந்தால், அங்குள்ளவர்களின் உயிரும் பொருளும் அவனுக்கு ஹராம். ஏமாற்றி எடுத்துவந்தால், உரியவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது ஷாபி மத்ஹபு. வைத்து அனுபவிக்காமல் சதகா செய்துவிட வேண்டும் என்கிறது ஹனபி மத்ஹபு. நம் ஜமாஅத்தில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். அந்தப் பொருளைக் கல்லாவில் போட்டுக்கொள்ள இருவருக்குமே வழியில்லை. அக்காலத்து அமான்தான் இன்று பாஸ், விசா என்று நம் கையில் இருப்பதாகப் பல உலமாக்கள் விளக்குகிறார்கள்.

யுத்தம் நடக்கும் நாட்டிலேயே சட்டம் இதுவென்றால், எங்கோ நடக்கும் சண்டையின் கோபத்தில் இங்கே பக்கத்துக் கடைக்காரரின் பாக்கியை இழுத்தடிப்பதற்கு எந்தக் கிதாபில் இடம் இருக்கிறது? இருக்கிறதென்போர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.